குரைக்காத நாயைத் திருப்பி அனுப்பிவிடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கம்பம்மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் குடும்பத்தோடு தங்கி வேலை பார்க்கிறீர்கள். வீட்டுக்கும் காய் உலர்த்தும் ஸ்டோருக்கும் காவலாக இருக்கட்டும் என்று காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் நாய் ஒன்றைத் தத்தெடுத்து வந்தீர்கள். நாட்டு நாய். பொன்னி என்று பெயரும் வைத்தாயிற்று. வந்து பதினைந்து நாள் ஆகியும் கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வருவதில்லை. யாராவது பார்த்தால் சாப்பிடுவதில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பவும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. விளக்குமாற்றை எடுத்தால் நடுங்குகிறது. ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் "கோம்பை இன நாய்க்குட்டி ஒன்று வாங்கியிருக்கலாம், இதற்குச் சோறு போடுவது தண்டம்" என்கிறார்கள். போலீஸ் நாயைப் பழக்குவது போலப் பழக்கினால் சரியாகுமா, இல்லை திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழக்கும் முறையைக் கேட்பது போலத் தெரிந்தாலும், இந்த நாய் நமக்கு ஆகுமா ஆகாதா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி தேனி மாவட்டத்து அடிவார ஊர்களில் போனது. முக்கால்வாசி வேலை ஆடு மாடுதான். ஆனால் மலைமாடுகளை மந்தையாக மேய்த்து ராத்திரி கிடையில் அடைக்கும் கிடைக்காரர் மாட்டுக்கு ஊசி போட வந்தால் கூடவே அவருடைய நாயும் வரும். மேலே இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் போட்டு நாய்களைக் கொண்டுவருவார்கள். காவல்துறை மோப்ப நாய்களையும் பார்த்திருக்கிறேன், அவற்றின் பயிற்சியாளர்களோடு நிறையப் பேசியிருக்கிறேன். ஆனாலும் நான் பயிற்சியாளன் அல்ல. உடம்பைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். பழக்கத்தைப் பற்றிச் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பு. நாய் ஒடுங்கிக் கிடந்தால் பயம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாயும் இப்படித்தான் மூலையைத் தேடும், சாப்பாட்டைத் தள்ளும். காப்பகத்தில் பல நாய்கள் ஒன்றாக இருக்கும் இடத்தில் உண்ணி இல்லாமல் இருப்பது கடினம். உண்ணி வழியாக வரும் எர்லிக்கியா, பபீசியா என்ற நோய்கள் இரண்டும் நம் பக்கம் சர்வசாதாரணம். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் காப்பித் தண்ணீர் நிறத்தில் போனாலோ நாள் கடத்தாமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை நன்றாக வேலை செய்யும், ஆனால் நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே நாய் எழுந்து ஓடுகிறதே என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வாயைத் தொடவே விடவில்லை என்றால் நீங்கள் முயலாதீர்கள், பயந்த நாய் கடிக்கும். மருத்துவரே பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் எழுதாமல் விட்ட பயம் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கலாம். இருட்டைத் தேடுகிறது, குரைப்பதில்லை, வெறிநோயாக இருக்குமோ என்று. வெறிநோயில் சீறிப் பாய்ந்து கடிக்கும் வகை மட்டுமல்ல, ஊமை வகையும் உண்டு. அதில் நாய் ஒடுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. அந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் நாய் பத்து நாளைத் தாண்டாது. பொன்னி பதினைந்து நாளாக ஒரே மாதிரி இருக்கிறது, தினமும் ராத்திரி சோற்றை விழுங்குகிறது. ஆகவே இப்போது நீங்கள் பார்க்கும் ஒடுக்கம் வெறிநோயால் வந்ததல்ல. ஆனால் தடுப்பூசி போட்டார்களா என்பதைக் காகிதத்தில் பார்க்க வேண்டும். காகிதம் இல்லையென்றால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு இப்போதே போட்டுவிடுங்கள். இரண்டாவது ஊசி எப்போது என்பதை மருத்துவர் சொல்வார், அப்புறம் வருடந்தோறும். எந்த நாய் கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கீறல் பட்டாலும் ஒளிக்காமல் சொல்லும்படி சொல்லி வையுங்கள்.

உடம்பு சரியாக இருக்கிறது என்றால் மிச்சம் பயம்தான். தத்து நாய்க்கு மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் சொந்த வீடு என்று ஆகும் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். இது கைக்கணக்கு. சில நாய் ஒரு வாரத்தில் மடியில் ஏறிவிடும், சிலது ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். உங்கள் நாய்க்கு எவ்வளவு என்று தொலைவிலிருந்து யாரும் சொல்ல முடியாது. எனக்கு நம்பிக்கை தருவது நீங்களே எழுதிய ஒரு விஷயம். ராத்திரி நீங்கள் படுத்த பிறகு அது எழுந்து வருகிறது. அந்த நேரத்தில் சோற்றை மட்டுமா தின்கிறது? வீட்டை மோந்து பார்க்கும். யாருடைய செருப்பு எது, எந்தக் கதவு வழியாகக் காற்று வருகிறது, ஸ்டோர்ப் பக்கம் என்ன வாடை என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கும். குரைப்பது அதற்கு அப்புறம்தான். எது தன் இடம், யார் தன் ஆட்கள் என்று தெரியாத நாய் யாரைப் பார்த்துக் குரைக்கும்? புது இடத்தில் வாரக்கணக்கில் சத்தமே இல்லாமல் கிடந்துவிட்டு, ஒரு நாள் வாசலில் வந்த பால்காரரைப் பார்த்துக் குரைத்து வீட்டையே திடுக்கிட வைத்த நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் நாய் மாதிரிப் பழக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பக்கம் வண்டிச் சோதனைக்கு மோப்ப நாய் வரும்போது கூட்டம் கூடி நாயைத்தான் பார்க்கும். அடுத்த தடவை நாயை விட்டுவிட்டு அதைப் பிடித்திருக்கும் ஆளைப் பாருங்கள். சத்தம் போட மாட்டார். அடிக்க மாட்டார். நாய் ஒரு பையருகே நின்று உட்கார்ந்தால் உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தோ சுருட்டிய துணியோ வெளியே வரும், நாய் அதைக் கவ்விக்கொண்டு வாலை ஆட்டும். நாயைப் பொறுத்தவரை கஞ்சாவும் வெடிமருந்தும் ஒன்றுமே இல்லை, அந்த வாடையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான். நாய்க்குக் கஞ்சா கொடுத்துப் பழக்குகிறார்கள் என்று ஊரில் சொல்வது முழுப் பொய். கொடுத்தால் நாய் செத்துப் போகலாம், பிழைத்தாலும் மோப்பம் பிடிக்கிற நிலையில் இருக்காது. அரை மணி நேரம் தேடினால் நிழலில் கட்டித் தண்ணீர் காட்டி ஓய்வு கொடுப்பார்கள், ஏனென்றால் வாயைத் திறந்து இளைக்கிற நாயால் மூக்கைச் சரியாக வேலை வாங்க முடியாது. ஒரு நாய்க்குப் பொறுப்பானவர் இன்னார் என்று தீர்மானமாக இருக்கும். குளிப்பாட்டுவதும் சோறு வைப்பதும் பெரும்பாலும் அவர் கைதான். மாதக்கணக்கில் பயிற்சி என்கிறார்களே, அதில் பெரும்பகுதி இந்த உறவைக் கட்டுவதுதான்.

இதைத்தான் நீங்கள் பொன்னிக்குச் செய்ய வேண்டும். உட்கார், எழு, தாவு எல்லாம் இப்போது வேண்டாம். வீட்டில் ஒருவர், நீங்களோ உங்கள் மனைவியோ, ஒருவர் மட்டும் சோறு வையுங்கள். தினமும் அதே நேரம், அதே தட்டு, அதே இடம். வைத்துவிட்டு நாயைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு சற்றுத் தள்ளித் தரையில் உட்காருங்கள். கண்ணுக்குக் கண் பார்ப்பது பயந்த நாய்க்கு மிரட்டல். சில நாளில் நீங்கள் இருக்கும்போதே வந்து தின்னும். அப்புறம் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் நகர்த்துங்கள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இழுக்கவே கூடாது, அந்த ஓர் இடமாவது தனக்குப் பத்திரம் என்று அது நம்ப வேண்டும். விளக்குமாற்றைக் கண்ணில் படும்படி தரையில் கிடத்தி, அதற்குப் பக்கத்தில் ஒரு கருவாட்டுத் துண்டு போட்டு வையுங்கள். பெருக்கும் நேரத்தில் நாயை வேறு அறையில் விடுங்கள். சில வாரத்தில் நடுக்கம் குறையும். முழுக்கப் போகும் என்று உறுதி தர முடியாது. அடிபட்ட நாய் கையை ஓங்கினால் ஒதுங்குவது சிலவற்றுக்குக் கடைசி வரை இருக்கும், அதோடும் நல்ல நாயாக வாழ்ந்துவிடும். குழந்தைகளிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: நாய் வந்தால் தொடலாம், நாயிடம் போய்த் தொடக் கூடாது.

கோம்பையைப் பற்றிப் பக்கத்து வீட்டார் சொன்னதில் பாதி சரி. செவலை உடம்பும் கறுத்த வாயுமாக இருக்கும் அந்த நாய் எங்கள் பக்கத்துப் பெருமை, எனக்கும் அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. மலையடிவாரக் கிடையில் ராத்திரி அது படுத்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். மாடுகள் பக்கம் முதுகு, காட்டுப் பக்கம் முகம். காது மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். சிறுத்தையோ செந்நாயோ நெருங்கினால் முதலில் தொண்டைக்குள் ஓர் உறுமல், கிடைக்காரர் எழுந்த பிறகுதான் குரைப்பு. இந்த அறிவு ரத்தத்தில் கொஞ்சம் வருகிறது, தாய் நாயோடும் மற்ற நாய்களோடும் கிடையில் வளர்ந்ததால் மிச்சம் வருகிறது. அதே குட்டியைச் சந்தையில் வாங்கிச் சங்கிலியில் கட்டி வளர்த்தால் எதைக் கண்டாலும் கடிக்க வரும் ஒரு நாய்தான் கிடைக்கும். மேல் அண்ணம் கறுப்பாக இருக்க வேண்டும், இருபது நகம் இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் காவலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இனத்தைச் சொல்லி விற்பவர்களிடம் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றுவார்கள். ராஜபாளையம் இன நாய்க்கு 2005இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள், கம்பீரமான நாய். ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்து வரும், கைதட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் முயல் விரட்டப் பிறந்தவை. ஓட இடம் இல்லாத தோட்ட வீட்டில் அவை வாடிப்போகும். நல்ல கோம்பைக் குட்டியே வாங்கினாலும் அது காவலுக்கு நிற்க ஒரு வருடம் ஆகும். அதே பொறுமையில் நாலில் ஒரு பங்கைப் பொன்னிக்குக் கொடுத்துப் பாருங்கள் என்கிறேன்.

நாட்டு நாய்க்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்குப் பெட்டிமுடியைச் சொல்வேன். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு ராஜமலைக்கு அருகே மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். நம் ஆட்கள், தமிழ்க் குடும்பங்கள். அங்கே குவி என்று ஒரு நாட்டு நாய், யாரும் எந்தப் பயிற்சியும் கொடுக்காதது. தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி நாள்கணக்கில் அலைந்தது. ஆற்றோரம் ஓர் இடத்தில் நின்றுகொண்டு நகர மறுத்ததைப் பார்த்துத்தான் மீட்புப் பணியாளர்கள் அங்கே தேடினார்கள், குழந்தையின் உடல் அங்கே இருந்தது. அப்புறம் இடுக்கி காவல்துறை நாய்ப் பிரிவு குவியைத் தன் பொறுப்பில் எடுத்து வளர்த்தது, பல மாதம் கழித்து அந்தக் குடும்பத்தில் எஞ்சியிருந்த பாட்டியிடமே ஒப்படைத்தது. இந்தச் செய்தியை வைத்து நாட்டு நாய் எல்லாம் மீட்பு நாயாகும் என்று நான் சொல்ல மாட்டேன். முகம் தெரியாத ஒருவரைச் சேற்றுக்கு அடியில் தேட வேறு நாய் வேண்டும். 2024 ஜூலையில் வயநாடு சரிந்தபோது கேரளக் காவல்துறையின் மாயா, மர்ஃபி என்ற பெல்ஜியன் மாலினாய் நாய்கள் செய்தது அந்த வேலை. உடல் வாடைக்கென்றே தனியாகப் பழக்கப்பட்டவை. கூர்மையான பாறையும் உடைந்த தகரமும் கிடக்கும் சேற்றில் கால் அறுபட்டும் மறுநாள் வேலைக்கு இறங்கும் இத்தகைய நாய்களைப் பார்த்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும். குவிக்கு அந்தப் பயிற்சி கிடையாது. அதற்குத் தெரிந்தது அந்த ஒரு குழந்தையின் வாடை, அந்த ஒரு வீட்டோடு இருந்த ஒட்டுதல். வீட்டு நாயிடம் காவல் என்று நாம் கேட்பதும் அந்த ஒட்டுதலைத்தான். அது வந்துவிட்டால் குரைப்பு தானாக வரும், சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் காவல் என்றால் எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அந்நியர் வந்தால் சத்தம் கொடுத்து எழுப்ப வேண்டும் என்றால் பொன்னி அதற்குப் போதும். ஏலக்காய் மூட்டையைத் திருட வருபவன்மேல் பாய்ந்து பிடிக்க வேண்டும் என்றால் அதை எதிர்பார்க்காதீர்கள், எந்த நாயிடமும் வீட்டில் வைத்து அதைப் பழக்காதீர்கள். ஆளைப் பிடிக்கப் பழகிய நாய் கூலிக்கு வரும் பெண்ணையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் பிரித்துப் பார்க்காது. ஸ்டோருக்கு நல்ல பூட்டும் விளக்கும் போடுங்கள், நாய் சத்தம் கொடுக்கட்டும்.

மலையில் காவலைவிட நாயின் உயிர் பெரிய கவலை. ராத்திரி வெளியே கட்டிப் போடுவதை உடனே மறந்துவிடுங்கள். சங்கிலியில் கட்டிய நாய் சிறுத்தைக்கு வைத்த தீனி. கட்டவிழ்ந்த நாயாவது வீட்டுக்குள் ஓடிவரும். வீட்டுக்குள்ளோ, கம்பி வலை அடித்த, மேற்கூரை உள்ள கூண்டிலோ படுக்கட்டும். பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி, தோட்ட ஓரத்தில் கிடக்கும் விஷ உருண்டை இரண்டும் நாயைக் கொல்லும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருந்தடிப்பை எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து இலையிலிருந்து நாயின் காலில் ஒட்டும், நாய் பாதத்தை நக்கும். எச்சில் நூலாக வடிவது, சதை துடிப்பது, கண்ணின் பாவை குறுகிப் போவது, வாந்தி, பேதி என்று வந்தால் அட்ரோபின் ஊசி உயிரைக் காக்கும், ஆனால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. அடித்த மருந்தின் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அடித்த நாளும் மறுநாளும் நாயைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். பாம்புக்கடியில் இன்னொரு சிக்கல்: நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் செய்தது. ஏலக்காட்டில் அதிகம் இருக்கும் குழிவிரியன் கடிக்கு அது பயன்படாது. கடித்த பாம்பின் நிறமும் தலையும் எப்படி இருந்தது என்று சொல்ல முடிந்தால் மருத்துவருக்கு உதவி. பாம்பைப் பிடிக்கப் போகாதீர்கள்.

நீங்கள் இருப்பது கேரளப் பக்கம் என்பதால் ஒன்று. அங்கே நாய் வளர்க்கப் பஞ்சாயத்து உரிமம் வேண்டும், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். கருத்தடை காப்பகத்திலேயே செய்திருக்கலாம், காகிதத்திலோ காதிலோ அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடம்பு தேறியதும் செய்துவிடுங்கள். செய்தால் காவல் குணம் போய்விடும் என்பது தவறு. பருவத்துக்கு வரும் பெண் நாயைத் தேடி வாசலில் ஏழெட்டு ஆண் நாய்கள் கூடிச் சண்டை போடுவதுதான் போகும்.

திருப்பி அனுப்புவதைப் பற்றிக் கடைசியாக. அதைப் பாவம் என்று சொல்லி உங்களைக் கட்டிப்போட மாட்டேன். குழந்தையைக் கடிக்கும் அளவுக்குப் போனாலோ, வீட்டில் எல்லோரும் வெறுத்துப் போனாலோ, காப்பகத்திடம் பேசுவதுதான் நாய்க்கும் நல்லது. தெருவில் மட்டும் இறக்கிவிட்டு வராதீர்கள். ஆனால் பதினைந்து நாளில் அந்த முடிவுக்கு வர இப்போது எந்தக் காரணமும் இல்லை. மூன்று மாதம் வைத்துப் பாருங்கள். இடையில் எனக்கு மூன்று விஷயம் தெரிந்தால் இன்னும் திட்டமாகச் சொல்வேன்: வந்த நாளைவிட எடை குறைந்திருக்கிறதா, ஈறு என்ன நிறம், ராத்திரி எழுந்து வரும்போது வால் எப்படி இருக்கிறது, காலுக்கு இடையில் செருகியபடியா, தளர்வாகத் தொங்கியபடியா. விளக்கைப் போடாமல் கதவிடுக்கு வழியாகப் பார்த்து எழுதுங்கள்.